குளிர் ஊரில் வெயில் தேசத்து அவரைகள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

அவரை, காராமணி, நீளப் பயற்றங்காய், லீமா பீன்ஸ், கொத்தவரை, சிறகவரை எல்லாமே வெயிலில் பிறந்த செடிகள். இவற்றைக் குளிரான இடத்தில் வளர்க்கும்போது நாம் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. இலை வாடினால் தண்ணீர் விடுகிறோம். மஞ்சளானால் உரம் போடுகிறோம். பூக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உரம் போடுகிறோம். பல வருடங்கள் வளர்த்துப் பார்த்தபின் நான் வந்து நிற்கும் இடம் இது: கோளாறுகளில் முக்கால்வாசி மண்ணின் குளிரிலிருந்து வருகிறது, மீதியில் பெரும்பங்கு இரவின் நீளத்திலிருந்து வருகிறது. தண்ணீரும் உரமும் இந்த இரண்டையும் சரிசெய்யாது. பல நேரம் இன்னும் மோசமாக்கிவிடும்.

அதனால் செடியைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும். ஒன்று, மண்ணில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர். 5 சென்டிமீட்டர் ஆழத்தில், காலை நேரத்தில், நான்கைந்து நாள் தொடர்ந்து பாருங்கள். மத்தியான அளவை நம்பாதீர்கள், மேல்மண் வெயிலில் சட்டென்று சூடாகி இரவில் சட்டென்று ஆறிவிடும். இரண்டு, உங்கள் இடத்தில் கோடையின் உச்சத்தில் பகல் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு. கீழே வரும் வெப்ப அளவெல்லாம் செல்சியஸில்.

விதை போட்டு இரண்டு வாரம் ஆகிறது, ஒன்றுமே முளைக்கவில்லை

காத்திருக்க வேண்டாம், தோண்டிப் பாருங்கள். விதை இருக்கும் நிலையே காரணத்தைச் சொல்லிவிடும்.

விதை ஊதி, கொழகொழவென்று, விரலால் அழுத்தினால் பிதுங்கி, புளித்த வாடை வந்தால் அது குளிரில் செத்த விதை. இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காய்ந்த விதை தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும் முதல் சில மணி நேரத்தில் அதன் உயிரணுச் சவ்வுகள் இன்னும் ஒழுங்காகச் சேர்ந்திருக்காது. அந்த நேரத்தில் உள்ளே போகும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் சவ்வு சரியாக மூடாது, உள்ளே இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெளியே கசியும். அந்த இனிப்பை மோப்பம் பிடித்துக்கொண்டு பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த அழுகல் கிருமிகள் வந்து சேரும். நாம் பார்ப்பது அழுகல், ஆனால் கேடு நடந்தது விதைத்த முதல் நாளே. அதனால்தான் விதைத்த மறுநாள் முதல் நல்ல வெயில் அடித்தும் சில சமயம் ஒன்றுமே வருவதில்லை. விதை எவ்வளவு வறண்டு காய்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு இந்த ஆபத்தும் கூடுதல்.

சாதாரண பீன்ஸுக்கு மண் 15 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். லீமாவுக்கு 18. காராமணிக்கும் அவரைக்கும் 18 முதல் 20. நீளப் பயற்றங்காய், கொத்தவரை, சிறகவரைக்கு 20க்கு மேலே இருந்தால்தான் நல்லது. இந்த அளவு வரும்வரை நாள்காட்டி என்ன சொன்னாலும் நேரடியாக மண்ணில் போடாதீர்கள்.

அவசரமாக இருந்தால் வழி உண்டு. ஈரத் துணியில் விதையைச் சுற்றி, 25 டிகிரி அளவில் கதகதப்பாக இருக்கும் இடத்தில் வையுங்கள். துணி பிழிந்த ஈரத்தில் இருந்தால் போதும், தண்ணீரில் மிதக்க விட வேண்டாம். வேர் நுனி வெள்ளையாக அரை சென்டிமீட்டர் எட்டிப்பார்த்ததும் குவளையில் நடுங்கள். உறிஞ்சும் கட்டம் சூட்டிலேயே முடிந்துவிடுவதால் மிக ஆபத்தான நேரம் கடந்துவிட்டது. அதற்காக இப்படி முளைகட்டிய விதையை 12 டிகிரி மண்ணில் போட்டால் தப்பிக்கும் என்று அர்த்தமில்லை.

தோண்டியபோது விதை கல் மாதிரி, போட்டது போட்டபடி இருந்தால் தோல் கெட்டி. அவரையிலும் சிறகவரையிலும் இது சகஜம். விதையின் தழும்புக்கு எதிர்ப்பக்கம் தோலை மட்டும் லேசாக உப்புத்தாளில் தேயுங்கள். உள்ளே வெளிறிய பருப்பு நூல் அளவு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தோல் தேய்த்த விதை தண்ணீரை வேகமாக உறிஞ்சும் என்பதால் இதைச் சூடான இடத்தில்தான் முளைக்க வைக்க வேண்டும்.

விதை குடைந்து, உள்ளே காலில்லாத சின்ன வெள்ளைப் புழு இருந்தால் அது விதை ஈயின் புழு. பார்க்கச் சின்ன வீட்டு ஈ போல இருக்கும் இந்த ஈ, புதிதாகக் கிளறிய, பாதி மக்கிய குப்பை வாடை அடிக்கும் ஈர மண்ணைத் தேடி வந்து முட்டையிடும். குளிர்ந்த மண்ணில் விதை மெதுவாக முளைப்பதால் புழுவுக்கு நிறைய அவகாசம். தொழு உரமோ பசுந்தாளோ மண்ணில் கலந்தால் மூன்று வாரமாவது கழித்து விதையுங்கள். கலக்கும் உரம் முழுதாக மக்கியிருக்கட்டும்.

விதையே காணோம் என்றால் எலி. குவளையில் முளைக்க வைத்து நடுவதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முளைத்து வந்தது, ஆனால் உச்சியில் இலையே இல்லை, வெறும் குச்சி

பீன்ஸும் காராமணியும் லீமாவும் முளைக்கும்போது தண்டு கொக்கி போல வளைந்து, இரண்டு வித்திலைகளையும் மண்ணுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வரும். மேல்மண் இறுகி ஓடு கட்டியிருந்தால் அந்த இழுப்பில் வித்திலையோ நடுக் குருத்தோ முறிந்துவிடும். விதை ஈ குருத்தைத் தின்றிருந்தாலும், விதை கீழே கொட்டி அடிபட்டு உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் இதே மொட்டைத் தலைதான். வித்திலைக் கக்கத்திலிருந்து சில சமயம் பக்கக் குருத்து வரும், ஆனால் அந்தச் செடி பின்தங்கியே இருக்கும். கோடை குறுகிய இடத்தில் அதற்காக இரண்டு வாரம் செலவழிக்காமல் பிடுங்கிவிட்டு மாற்று நாற்று வைப்பது நல்லது.

ரன்னர் பீன்ஸ் என்ற கொடி வகை இதற்கு விதிவிலக்கு. அதன் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மேலே நத்தை தின்றாலும் உறைபனி கருக்கினாலும் அடியிலிருந்து மறுபடி குருத்து வரலாம். அதைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்.

நாற்று தரையோடு கறுத்து, மெலிந்து சாய்கிறது

நாற்றழுகல். ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு, மண் குளிர். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மீதி நாற்றுகளுக்குத் தண்ணீரைக் குறைத்து, நெருக்கத்தைக் கலைத்து, சூடான இடத்துக்கு மாற்றுங்கள். குழாயிலிருந்து சில்லென்று வரும் தண்ணீரை நாற்றுக்கு விட வேண்டாம். வாளியில் பிடித்து அறையின் சூட்டுக்கு வந்தபின் விடுங்கள்.

மண் ஈரமாகத்தான் இருக்கிறது, இலை மட்டும் துவண்டு தொங்குகிறது

இதைப் பார்த்ததும் கை தன்னால் தண்ணீர் பக்கம் போகும். போக விடாதீர்கள்.

இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கி, காலையில் பளிச்சென்று வெயில் வந்தால் இது நடக்கும். குளிர்ந்த வேர் தண்ணீரை மேலே ஏற்ற முடியாமல் தவிக்கிறது. அதே நேரம் இலைத் துளைகள் வேண்டிய அளவு மூடிக்கொள்ளாததால் மேலே ஈரம் போய்க்கொண்டே இருக்கிறது. வரவு குறைந்து செலவு குறையாத நிலை. அந்த நேரத்தில் இன்னும் தண்ணீர் விட்டால் மண் மேலும் குளிரும், வேருக்கு மூச்சு முட்டும்.

மத்தியானத்துக்குள் இலை நிமிர்ந்துவிட்டால் சேதம் அதிகமில்லை. அன்று மாலையே மெல்லிய வெள்ளைப் போர்வைத் துணியால் மூடுங்கள், இலையில் படாமல் வளையம் கட்டி அதன்மேல் போட்டால் இன்னும் நல்லது. மறுநாள் காலை வெயில் நேராகப் படாதபடி ஒரு பக்கம் நிழல் கொடுங்கள். மாலைவரை நிமிராமல், இலை ஓரம் தண்ணீரில் ஊறியது போல் கரும்பச்சையாகித் தோய்ந்திருந்தால் அந்த இலை போய்விட்டது. குருத்து பச்சையாக இருந்தால் பத்து நாள் பொறுங்கள்.

மண் 20 டிகிரி இருந்தும் இலை தொங்குகிறது என்றால் இந்தக் கதை பொருந்தாது. வேர் அழுகலையோ தண்டைக் குடையும் பூச்சியையோ தேடுங்கள்.

இலை வெளிர் மஞ்சள், செடி ஒரு மாதமாக நட்ட உயரத்திலேயே நிற்கிறது

எந்த இலை முதலில் மஞ்சளானது என்று கவனியுங்கள்.

அடி இலையிலிருந்து சீராக வெளுத்துக்கொண்டு வந்தால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பசி. பயறுச் செடிக்கு ஏன் தழைச்சத்துப் பசி, காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். எடுக்கும், ஆனால் வேர்முடிச்சு உருவாகி வேலை தொடங்கிய பிறகுதான். சூடான மண்ணில் மூன்று நான்கு வாரத்தில் நடப்பது, குளிர்ந்த மண்ணில் தள்ளிக்கொண்டே போகும்.

ஒரு செடியைப் பலிகொடுத்துப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணோடு அறுந்துபோகும், அதனால் மண்கட்டியோடு பெயர்த்து ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு மெதுவாக அலசுங்கள். வேரில் கடுகு அளவிலோ மிளகு அளவிலோ உருண்டைகள் தெரியும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, சதை நிறத்தில் இருந்தால் அது வேலை செய்கிறது. நம் ரத்தத்தின் சிவப்பணுவில் இருப்பதற்கு உறவான ஒரு புரதம் அதற்குள் இருப்பதால் வரும் நிறம் அது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது பொருந்தாத பாக்டீரியா உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

உருண்டையே இல்லையென்றால் இன்னொரு சந்தேகம் வர வேண்டும். பட்டாணி, பீன்ஸ், காராமணி மூன்றும் வேர்முடிச்சு கட்டும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவில் ஒரே வகையோடு சேருவதில்லை. பட்டாணி ஒரு கூட்டம். சாதாரண பீன்ஸும் ரன்னரும் இன்னொரு கூட்டம். காராமணி, அவரை, லீமா, சிறகவரை எல்லாம் மூன்றாவது கூட்டம். தலைமுறை தலைமுறையாகப் பட்டாணி மட்டும் விளைந்த தோட்டத்தில் காராமணிக்குத் துணை இல்லாமல் போகலாம். விதை உறையிலோ நுண்ணுயிர் உரப் பொட்டலத்திலோ எந்தப் பயிருக்கானது என்று எழுதியிருப்பதைப் படித்து, காராமணிக் கூட்டத்துக்கானதை வாங்கி விதையில் தடவுங்கள். பொட்டலத்தை வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே இருப்பது உயிர்.

முடிச்சு தயாராகும்வரை செடியைப் பட்டினி போடவும் வேண்டாம். நீர்த்த திரவ உரத்தை வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று வாரம் கொடுக்கலாம். அதோடு நிறுத்த வேண்டும். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு கட்டுவதைக் கைவிட்டுவிடும்.

புதுக் குருத்து மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. சுண்ணாம்பு மிகுந்த, ஈரமான, குளிர்ந்த மண்ணில் இது வரும். தண்ணீரைக் குறைத்து மண் சூடேறியதும் பெரும்பாலும் தானே சரியாகும்.

இலை மஞ்சளாகாமல் சின்னதாக, மங்கிய கரும்பச்சையாக, வளராமல் நின்றால் மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறை. மண்ணில் இருக்கிறது, குளிரில் வேர் எடுக்க முடியவில்லை. உரத்தைவிடச் சூடுதான் இங்கே மருந்து.

சரி, மண்ணை எப்படிச் சூடாக்குவது? நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை மண்ணோடு ஒட்டி விரித்தால் இரண்டு மூன்று டிகிரி ஏறும். இடைவெளி விட்டுத் தொய்வாகக் கிடந்தால் பயன் குறைவு. கண்ணாடி போன்ற விரிப்பு இன்னும் சூடாக்கும், கூடவே களையையும் வளர்க்கும். உயர்த்திய பாத்தி தண்ணீரை வடித்துவிடுவதால் சீக்கிரம் சூடேறும், ஈர மண்ணைச் சூடாக்க வெயிலுக்கு அதிக வேலை. பகல் முழுக்க வெயில் வாங்கும் சுவரோரம் கிடைத்தால் அதைக் கொடிக்கே கொடுங்கள்.

வெப்பமான இடத்திலிருந்து வந்து தோட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பழக்கம் மூடாக்கு. வைக்கோலும் சருகும் மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கத்தான் போடுகிறோம். அந்தக் குளிர்ச்சி இங்கே வேண்டாத ஒன்று. மண் 20 டிகிரியைத் தாண்டி நிலைத்த பிறகு மூடாக்குப் போடுங்கள், அதற்கு முன் மண் வெறுமையாகவே வெயிலைப் பார்க்கட்டும்.

வெளியே நட்ட மூன்றாம் நாள் இலையில் வெள்ளைத் திட்டுகள்

நோய் இல்லை, வெயில் பொசுக்கியது. ஜன்னலோரம் வளர்ந்த இலை வெளிவெயிலைப் பார்த்ததில்லை. புதிதாக வரும் இலை சரியாக இருக்கும். அடுத்த முறை ஏழு முதல் பத்து நாள், முதலில் நிழலில் ஒரு மணி நேரம் என்று தொடங்கிப் படிப்படியாகப் பழக்குங்கள். நாற்று குவளையில் மூன்று வாரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். இந்தச் செடிகளுக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது, அதனால் மண்ணோடு அப்படியே நடக்கூடிய காகிதக் குழல் நல்லது.

பந்தல் நிறையக் கொடி, ஒரு பூ இல்லை

எனக்கு மிகவும் வருத்தம் தந்த கோளாறு இதுதான். முதல் வருடம் கொடி அவரை போட்டேன். கோடையில் என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறியது, ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம். தினமும் போய்க் கணுவில் மொட்டு தேடுவேன். இலையெல்லாம் பழுக்கத் தொடங்கும் குளிரில், ஊதா நிறத்தில் மூன்று பூங்கொத்து வந்தது. அந்த வாரமே உறைபனி விழுந்தது. மறுநாள் காலை கொடி முழுக்க வேகவைத்த கீரை போலத் தொங்கியது.

உரம் அதிகமோ, வெயில் குறைவோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் பகலின் நீளம்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வளர்ந்த பல கொடி வகைகள் இரவு போதிய அளவு நீண்டால்தான் பூக்கும். 10 டிகிரி அட்சரேகையில் வருடத்திலேயே மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம்தான். 40 டிகிரி அட்சரேகையில் அது 15 மணி நேரம். 50 டிகிரியில் 16 மணி நேரத்துக்கும் மேல். அங்கே பகல் பன்னிரண்டரை மணி நேரமாகச் சுருங்குவது, கோடைக்குப் பின் வரும் சம இரவு நாளுக்கு ஒரு வாரம் முன்புதான். அதன்பிறகு மொட்டு வந்து, மலர்ந்து, காய் நீள்வதற்குள் குளிர் வந்துவிடும். பசுமைக்குடிலில் எவ்வளவு சூடேற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் செடியின் இலை இரவின் இருட்டை அளக்கிறது.

சிறகவரை, துவரை, பெரும்பாலான கொடி அவரை, பழைய கொடி லீமா வகைகள், காராமணியில் பல நாட்டு வகைகள் எல்லாம் இந்தக் குணம் கொண்டவை. நீளப் பயற்றங்காயில் நீண்ட பகலிலும் பூப்பவை நிறைய உண்டு. குத்துச்செடி அவரை, குத்துச்செடி லீமா, சீக்கிரம் காய்க்கும் காராமணி வகைகளில் பகலின் நீளத்தைக் கண்டுகொள்ளாதவை கிடைக்கும். விதை வாங்கும்போது “எத்தனை நாளில் காய்க்கும்” என்று கேட்பதைவிட, “நீண்ட பகலில் பூக்குமா” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத விதையை ஒரு செடி மட்டும் போட்டுச் சோதியுங்கள், பந்தல் முழுக்க நம்பாதீர்கள்.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்கள், கொடி தொட்டியில் இருக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. கோடை நடுவில், செடி நல்ல தழைப்போடு இருக்கும்போது, மாலை 6 மணிக்கு ஒளி புகாத பெரிய பெட்டியாலோ கறுப்புத் துணியாலோ மூடி, காலை 8 மணிக்குத் திறங்கள். 14 மணி நேர இருட்டு. மொட்டு கண்ணுக்குத் தெரியும்வரை, இரண்டு மூன்று வாரம், ஒருநாள்கூட விடாமல் செய்ய வேண்டும். நடு இரவில் விளக்கடித்துப் பார்க்கக் கூடாது, இருட்டின் நடுவே கொஞ்ச நேர வெளிச்சம்கூடச் செடியின் கணக்கைக் கலைத்துவிடும். காலையில் மறக்காமல் திறப்பதும் முக்கியம், கறுப்புத் துணிக்குள் வெயில் ஏறினால் செடி வெந்துபோகும். கொடியை இடுப்பு உயரத்தில் கிள்ளிப் படர விட்டிருந்தால்தான் இது கைக்கு அடங்கும்.

வாசல் விளக்கையும் கவனியுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரே கொடியின் ஒரு பக்கம் பூத்து, இரவெல்லாம் எரியும் விளக்குக்கு நேரே இருந்த பக்கம் இலையாகவே நின்றது. விளக்கை அணைத்தபின்தான் அந்தப் பக்கமும் மொட்டு விட்டது.

பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத வகை என்று உறுதியாகத் தெரிந்தும் பூக்கவில்லையென்றால் அப்போது உரத்தைச் சந்தேகப்படலாம். கோழி எருவும் யூரியாவும் தாராளமாகப் போட்ட இடத்தில் கொடி இலையாகவே ஓடும். உரத்தை நிறுத்தி, நுனியைக் கிள்ளி, கொஞ்சம் வறட்சி காட்டுங்கள்.

பூக்கிறது, இரண்டு நாளில் காம்போடு உதிர்கிறது

இரவு வெப்பத்தை எழுதிவையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் பீன்ஸின் மகரந்தமே சரியாக வேலை செய்யாது. காராமணியும் லீமாவும் 15க்கு மேல் இருக்கும் இரவுகளைத்தான் விரும்பும். பூக்கும் வாரங்களில் மாலையில் துணி போர்த்துவது வீண் வேலை இல்லை.

பசுமைக்குடிலுக்குள் என்றால் மறுபக்கமும் பாருங்கள். வெளியே 20 டிகிரி இருக்கும் தெளிந்த நாளில் மூடிய குடிலுக்குள் 35ஐத் தாண்டுவது சாதாரணம். பீன்ஸ் 32க்கு மேலேயே பூவை உதிர்க்கத் தொடங்கும். இரவில் குளிர், பகலில் கொதிப்பு என்று இரண்டு பக்கமும் அடிபடும் செடியைத்தான் பல குடில்களில் பார்க்கிறேன். காலை வெயில் ஏறியதும் கதவைத் திறந்துவிடுங்கள்.

தேனீ வரவில்லையே என்ற கவலை ரன்னர் பீன்ஸுக்கு நியாயமானது, அதற்குத் தேனீ வேண்டும். காராமணி விடியலில் மலர்ந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும், அதற்குள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கும். பீன்ஸும் லீமாவும் பெரும்பாலும் அப்படியே. பூக்காம்பில் எறும்பு ஊர்ந்தால் உடனே மருந்து அடிக்காதீர்கள். காராமணிப் பூக்கொத்தின் அடியில் தேன் சுரக்கும் சின்னப் புடைப்புகள் உண்டு, எறும்பு அதற்காகத்தான் வந்திருக்கிறது. இலையின் அடியிலும் குருத்திலும் கறுப்பாக அசுவினி அப்பியிருந்தால் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

இரவும் சரி, பகலும் சரி என்றால் தண்ணீர். பூக்கும் நேரத்தில் மண் காய்ந்தால் உதிரும். இப்போதுதான் தாராளமாகத் தண்ணீர் விட வேண்டிய கட்டம்.

காய் தட்டையாக, உள்ளே பருப்பு இல்லாமல்

லீமாவில் இது அதிகம். குளிர்ந்த இரவில் கருவுறாத விதைகள் அப்படியே சுருங்கிவிடும், தோல் மட்டும் வளரும். அந்தக் காய்களைப் பறித்துவிடுங்கள், அடுத்த கொத்து நன்றாக வரலாம்.

இலையிலும் காயிலும் புள்ளி

வெயில் தேசத்தில் இந்தச் செடிகளைத் தாக்கும் நோய்களும் குளிர் ஊரில் தாக்குபவையும் ஒன்றல்ல, அதனால் பழைய அனுபவத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பீன்ஸ் இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி அகலமான வெளிர்மஞ்சள் வளையம் இருந்தால் ஒளிவட்டக் கருகல். இந்தப் பாக்டீரியா 20 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் செழிக்கும், விதையோடு வரும். காயில் குழிந்த கரும்பழுப்பு வட்டம், இலையின் அடியில் நரம்பு கறுத்துப்போவது ஆந்த்ரக்னோஸ், இதுவும் விதையோடு வருவது, குளிர்ந்த மழைக்காலத்தில் பரவுவது. இரண்டிலும் அந்தச் செடியின் விதையை எடுத்துவைக்கக் கூடாது. தேய்த்தால் விரலில் செம்பழுப்புப் பொடி ஒட்டினால் துரு நோய். பூ வாடி ஒட்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சோ சாம்பல் தூசியோ படர்ந்தால் பூஞ்சண அழுகல், நெருக்கத்தைக் குறைத்துக் காற்று புக விடுங்கள். குடிலுக்குள் இலை மேலே மணல் தூவியது போல வெளிறிக் கீழே நூலாம்படை இருந்தால் சிலந்திப்பேன், அது வறண்ட சூட்டில் வருவது.

எந்தப் புள்ளியாக இருந்தாலும் இலை நனைந்திருக்கும்போது செடியைத் தொடாதீர்கள். காலைப் பனி காய்ந்தபிறகு பறிக்கப் போவது ஒன்றே பாதி நோயைத் தடுக்கும்.

காய் இருக்கிறது, விதை முற்றுவதற்குள் குளிர் வந்துவிட்டது

இதற்கு நடும்போதே கணக்குப் போட வேண்டும். அன்றைய அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 10ஐக் கழியுங்கள். சராசரி 25 உள்ள நாள் செடிக்கு 15 அலகு தருகிறது. சராசரி 15 உள்ள நாள் 5 அலகுதான் தருகிறது. வெயில் ஊரின் ஒரு நாள் வளர்ச்சிக்கு இங்கே மூன்று நாள் வேண்டும். விதை உறையில் “70 நாள்” என்று எழுதியிருந்தால் அது எழுதியவர் ஊரின் வெப்பத்தில் 70 நாள். உங்கள் கோடைக்கு அதை மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்து, பச்சைக் காய்க்கு மட்டும் நேரம் இருக்கிறதா, விதைக்கும் இருக்கிறதா என்று முடிவு செய்யுங்கள்.

உறைபனி நாளை வரும் என்று தெரிந்தால் காய்களைப் பிரித்துப் பாருங்கள். தோல் மஞ்சளாகித் தோல்செருப்பு போல இளகிய பதத்தில் இருந்தால் உள்ளே விதை முழு வளர்ச்சியை அடைந்துவிட்டது. செடியை வேரோடு பிடுங்கிக் காற்றோட்டமான, உறையாத இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், மீதியும் முற்றும். காய் இன்னும் பச்சையாக, விதையில் நகம் சுலபமாகப் பதிந்தால் அது விதைக்கு ஆகாது, சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். லீமாவாகவோ அவரையாகவோ இருந்தால் அந்தப் பருவத்துப் பருப்பைத் தண்ணீர் மாற்றி நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும், சயனைடு வெளியிடும் சேர்மங்கள் அவற்றில் உண்டு. ஈர விதை காயோடு உறைந்துபோனால் முளைப்புத் திறன் செத்துவிடும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதை நம்பி எடுத்துவைக்காதீர்கள்.

விதைக்காக எந்தச் செடியை ஒதுக்குவது என்பதைப் பூக்கும் காலத்திலேயே தீர்மானியுங்கள். வரிசையில் முதலில் மொட்டு விட்ட செடியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவையுங்கள். அதன் முதல் காய்களைப் பறிக்காமல் அப்படியே முற்ற விடுங்கள். ரன்னரைத் தவிர மற்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் தாயின் குணம் ஓரளவு அப்படியே வரும். காய்ந்த விதையைச் சுத்தியலால் தட்டினால் நொறுங்க வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. நொறுங்கும் பதம் வந்தபின் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வகையின் பெயரோடு முதல் பூ வந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த வருடம் எதை முதலில் விதைப்பது என்று அந்தத் தேதியைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.